கழுத்தைப் பிடித்த கை

மடவார் வளாகம் பக்கத்தில் அப்போது எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருந்தது. வைத்தியநாத சுவாமி கோயில் மணிச்சத்தம் தோட்டம் வரை கேட்கும். அதை வைத்துத்தான் பாட்டி மதியச் சோற்றை இறக்குவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வேறு மணி, சர்ச் மணி.

பருத்தியும் கத்தரியும் போட்டிருந்தோம். வரப்போரமாக ஏழெட்டுத் தென்னை. மேற்கே மலையில் நல்ல மழை பெய்தால் எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறும். கல் கட்டுக் கிணறு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. அந்தக் கிணற்றில்தான், ஒன்பது வயதில், நான் சாகப் பார்த்தேன்.

கோடை விடுமுறையில் நீச்சல் பழகினோம். காய்ந்து ஓடாகிப்போன சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து அப்பா என் முதுகில் கட்டிவிடுவார். குடுக்கை மிதக்கும், அதோடு நானும் மிதப்பேன். மூன்று நாளில் கிணற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். குடுக்கைக்குத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் கரண்ட் வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போனார். "நான் வர்ற வரைக்கும் இறங்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பெரியப்பா மகன் என் முதுகைப் பார்த்து, "குடுக்கை கட்டின கொழந்தை" என்று சிரித்தான். அவ்வளவுதான். கயிற்றை அவிழ்த்தேன், குதித்தேன்.

உள்ளே போனது ஞாபகம் இருக்கிறது. பச்சையாக ஒரு வெளிச்சம். மேலே வந்தேன், கத்த வாயைத் திறந்தேன், தண்ணீர் போனது. அடுத்த தடவை மேலே வந்தபோது பக்கத்துத் தோட்டத்து மாமா குதிப்பது தெரிந்தது. அவர் கிட்டே வந்ததும் நான் செய்த முதல் காரியம், இரண்டு கையாலும் அவர் கழுத்தை இறுக்கிப் பிடித்ததுதான். இரண்டு பேரும் சேர்ந்து முங்கினோம்.

அவர் என்னை உதறினார். ஆமாம், காப்பாற்ற வந்தவர் என்னைத் தள்ளிவிட்டார். அந்த ஒரு நொடியை இன்னும் நான் மறக்கவில்லை. பிறகு பின்பக்கமாக வந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "கையை விடுடா, சும்மா கிட, நான் பிடிச்சிருக்கேன்" என்றார். நான் சும்மா கிடந்தேன். விசுவாசத்தால் அல்ல, கையில் பலம் இல்லாததால்.

முங்குகிறவனுக்கு முன்பக்கம் போகக்கூடாது என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்குப் பழைய பாடம். நெஞ்சில் காற்று இருக்கும் வரை உடம்பு ஓரளவு மிதக்கத்தான் பார்க்கும். கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி அடிக்க அடிக்க, அந்தக் கையின் பாரமே நம்மைக் கீழே அமுக்கும். (கிணறும் கண்மாயும் உள்ள ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீச்சல் பழக்குங்கள். பழகும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.)

அன்று சாயங்காலம் பாட்டி என்னை மடியில் போட்டுக்கொண்டு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். மாமா வைத்தியநாத சுவாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நனைந்து போயிருந்த நெற்றியில் புதுசாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பாட்டி அவருக்குக் காபி கொடுத்தாள். யார் காப்பாற்றினார் என்று அவர்கள் இருவரும் வழக்காடவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி ரொம்ப நாள் இருந்தது.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது எனக்கு நாற்பது வயது. ஏழு மாதம் ஜெபித்தேன். ஜெபமா அது? கழுத்தைப் பிடித்த பிடி. 'பிழைக்க வைக்க வேண்டும், இந்த மாதமே வேண்டும்' என்று நாளும் மருந்தும் நானே குறித்துக் கொடுத்தேன். அம்மா போய்விட்டாள். கிணற்றில் உதறினாரே, அதே மாதிரி உதறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச காலம் சர்ச்சுக்கே போகவில்லை.

அந்த நாட்களில்தான் பேதுருவின் கதையை மறுபடி வாசித்தேன். கடலின் மேல் நடந்தவன் காற்றைப் பார்த்துப் பயந்து முங்கினான் என்று மத்தேயு 14இல் இருக்கிறது. எனக்கு ஒன்று உறைத்தது. பேதுரு மீனவன். யோவான் 21இல் படகிலிருந்து கடலில் குதித்து இயேசுவைப் பார்க்கக் கரைக்குப் போகிறவனும் அவன்தான். நீச்சல் தெரிந்தவனே "காப்பாற்றும்" என்று அலறியிருக்கிறான். பயம் வந்தால் தெரிந்த வித்தையும் கைகொடுக்காது போலிருக்கிறது. அவன் இயேசுவைப் பிடித்தான் என்று அங்கே எழுதவில்லை. இயேசுதான் கை நீட்டி அவனைப் பிடித்தார்.

ஆனால் எல்லோரையும் கரையேற்றிவிடுகிறாரா? நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். அவர் பழையபடி நடமாடவில்லை. 1951இல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அந்த அறையிலேயே இருந்தார். அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக்குக் கல் வைக்கவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது. இதை எப்படிச் சமாதானம் செய்துகொள்வது என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது. பிடித்திருப்பதும் கரையேற்றுவதும் ஒன்றல்ல என்பது மட்டும் புரிகிறது.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டம் இப்போது வீட்டு மனை. கிணற்றை மூடிவிட்டார்கள். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு என்னைத் தள்ளிவிட்டீங்களே மாமா, பயந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீ பிடிச்ச பிடியில நானும்தான்டா பயந்தேன்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "பிள்ளைக்கு ஒரு காபி போடுங்க" என்றார்.