பலஸ்தீனருக்கு மரண தண்டனை: ஐரோப்பா அறிக்கையோடு நின்றுவிடுமா?

பலஸ்தீனர்களைக் குறிவைக்கும் மரண தண்டனைச் சட்டமூலம் 2025 நவம்பர் 10ஆம் திகதி இஸ்ரேலியப் பாராளுமன்றத்தின் முதலாம் வாசிப்பில் 39-16 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதைக் கொண்டாட தேசியப் பாதுகாப்பு அமைச்சர் பென் க்விர் இனிப்பு வழங்கினார். கொலைச் சட்டத்துக்கு இனிப்பு!

இஸ்ரேல் சாதாரண கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை 1954இலேயே நீக்கிவிட்டது. அங்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டவர் ஒருவர்தான்: 1962இல் நாஸி அதிகாரி ஐக்மன். முதலாம் வாசிப்பில் நிறைவேறிய சட்டமூலமோ, இஸ்ரேல் அரசுக்கும் யூத மக்களின் மீளெழுச்சிக்கும் தீங்கு செய்யும் நோக்கில் இஸ்ரேலியரைக் கொல்பவரைப் பற்றியே பேசியது. பலஸ்தீனரைக் கொல்லும் யூதக் குடியேற்றவாசி இந்த வரைவிலக்கணத்துக்குள் வரவே மாட்டார். மேற்குக் கரையில் அவருக்கு சிவில் நீதிமன்றம், பலஸ்தீனருக்கு இராணுவ நீதிமன்றம். அந்தச் சட்டமூலத்தின்படி இராணுவ நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்மானிக்க வேண்டியதில்லை, பெரும்பான்மை போதும். தண்டனையைப் பின்னர் குறைக்கவும் முடியாது.

எந்தச் சூழ்நிலையிலும் மரண தண்டனையை எதிர்ப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தர நிலைப்பாடு. அது வெறும் பேச்சல்ல. மரண ஊசிக்குப் பயன்படும் மருந்துகளின் ஏற்றுமதியை 2011இல் அது கட்டுப்படுத்தியது. பாதிக்கப்பட்டது எதிரி நாடல்ல, நெருங்கிய நட்பு நாடான அமெரிக்கா. மருந்துத் தட்டுப்பாட்டால் பல மாநிலங்களில் தண்டனைகள் தள்ளிப்போயின. ஒன்றியத்தில் சேரும் எதிர்பார்ப்பில் துருக்கி 2004இல் மரண தண்டனையை முற்றாக ஒழித்தது.

இஸ்ரேலிடமும் பிடி இல்லாமல் இல்லை. அதன் மிகப்பெரிய வர்த்தகப் பங்காளி ஐரோப்பிய ஒன்றியமே. இருதரப்பு ஒப்பந்தத்தின் 2ஆம் உறுப்புரை மனித உரிமையை நிபந்தனையாக்குகிறது. அது மீறப்பட்டதற்கான அறிகுறிகள் உண்டென ஒன்றியத்தின் மீளாய்வே 2025 ஜூனில் கூறியது. செப்டெம்பரில் வர்த்தகச் சலுகைகளை இடைநிறுத்தும் யோசனையும் வந்தது. உறுப்பு நாடுகள் ஒன்றுபடாததால் 2025இல் அது நிறைவேறாமல் கிடந்தது.

முஸ்லிம் நாடுகள் பேசலாமே என்றால், 2024இல் மாத்திரம் 300க்கும் அதிகமானோருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது சவூதி அரேபியா. அதைவிட அதிகம் ஈரான். மரண தண்டனைக்கு எதிராக இவர்கள் வாய் திறந்தால் யார் செவிசாய்ப்பார்கள்? கசப்பானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிந்திய இராஜதந்திரம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மூதூர்ப் பணிப்பெண்ணின் தலை துண்டிக்கப்பட்ட பிறகே இலங்கை தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. 2025 நவம்பரில் முதலாம் வாசிப்பு முடிந்தபோது இஸ்ரேலியச் சட்டமூலத்துக்கு இரண்டாம், மூன்றாம் வாசிப்புகள் பாக்கியிருந்தன. பிரசல்ஸில் அந்த இடைநிறுத்த யோசனையும் அப்போது மேசையில்தான் இருந்தது.