தனியார் மண் அணைகள்: கண்காணிப்பது யார்?

பருவமழை தொடங்கிவிட்டால் பெரிய அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் பத்திரிகைகளில் வெளியாகிறது. நீர்வரத்து எவ்வளவு, எத்தனை மதகுகள் திறந்தன என்றெல்லாம் மக்கள் ஆவலுடன் படிக்கிறார்கள். ஆனால் தோட்ட முதலாளி ஒருவர் ஓடையை மறித்துப் போட்டிருக்கும் இருபது, இருபத்தைந்து அடி உயர மண் கரையைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. அது உடைந்தால்தான் செய்தி. அப்போது அந்தச் செய்தியில் உயிரிழந்தோர் எண்ணிக்கையும் சேர்ந்தே வருகிறது.

2019 ஜூலை 2ஆம் தேதி இரவு, மராட்டிய மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை உடைந்தது. சுமார் 20 பேர் மாண்டனர். நீர் கசிகிறது என்று கிராம மக்கள் முன்பே புகார் செய்திருந்தனர். அப்போதைய நீர்ப் பாதுகாப்பு அமைச்சர் தானாஜி சாவந்த், நண்டுகள் கரையைத் துளைத்ததே காரணம் என்றார். நாடே நகைத்தது. நண்டு வளை தோண்டும் என்பது உண்மைதான். ஆனால் வளையைக் கண்டு அடைக்க வேண்டியது நண்டின் வேலை அல்லவே!

திவரே சர்க்கார் அணை. கேள்வி கேட்க ஓர் இலாகாவும் பதில் சொல்ல ஓர் அமைச்சரும் இருந்தனர். தனியார் அணைக்கு அதுவும் இல்லை. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் சோலாய் என்ற ஊரில், 2018 மே 9ஆம் தேதி இரவு பெரிய பண்ணை ஒன்றின் மண் அணை கனமழையில் உடைந்தது. கீழே உறங்கிக் கொண்டிருந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அணைக்கு முறையான உரிமம் இல்லை என்பது அதன் பிறகே வெளிச்சத்துக்கு வந்தது.

சட்டத்தின் எல்லை

திவரே உடைந்து சரியாக ஒரு மாதத்தில், 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அணைப் பாதுகாப்பு மசோதா லோக்சபையில் நிறைவேறியது. 2021 டிசம்பரில் அது சட்டமாகி அமலுக்கும் வந்தது. மழைக்கு முன்பும் பின்பும் பரிசோதனை, அவசரகாலத் திட்டம் என்று நல்ல ஏற்பாடுகள் அதில் உண்டு. கம்பெனிகளுக்குச் சொந்தமான அணைகளையும் அது விட்டு வைக்கவில்லை.

ஆனால் எந்த அணை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 10 மீட்டருக்கு, அதாவது 33 அடிக்குக் குறைந்தவை இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை.

சிறிய அணைதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஐந்து ஏக்கர் பரப்பில் சராசரி பத்தடி ஆழம் நீர் நின்றால் அதன் எடை சுமார் 60 ஆயிரம் டன். பத்து டன் லாரிகள் ஆறாயிரம் வேண்டும். இவ்வளவும் நள்ளிரவில் ஒரே பாய்ச்சலில் இறங்கினால், ஓடைக்கரையில் குடிசை போட்டுள்ள கூலித் தொழிலாளியின் கதி என்ன?

கரை எப்படி உடைகிறது?

மண் கரை திடீரென்று உடைவது போலத் தோன்றும். பெரும்பாலும் அது முன்பே அறிகுறி காட்டிவிடும். கலிங்கலில் செடியும் குப்பையும் அடைத்தால் உபரி நீர் கரைக்கு மேலேறி வழிந்து மண்ணை அரித்துவிடும். கூடுதல் நீர் தேக்கும் ஆசையில் கலிங்கலைப் பலகை வைத்தோ மண் மூட்டை அடுக்கியோ உயர்த்துவது இதனினும் ஆபத்து. கரையில் மரம் வளர்ந்தால், பட்டுப்போன வேர் உள்ளே நீருக்கு வழிவிடும். எலி, நண்டு வளைகளும் அப்படியே. கரையின் அடியில் கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை கவனித்து வரலாம். கலங்கி வந்தால் உள்ளிருக்கும் மண் வெளியேறுகிறது என்று பொருள். அதன் பிறகு தாமதம் கூடாது.

இவற்றைச் சீர்செய்யப் பெரிய செலவில்லை. மழைக்கு முன் சில ஆட்கள் சில நாள் உழைத்தால் புதர் வெட்டி, வளை அடைத்து, பள்ளம் மேடாக்கி, கலிங்கலைத் திறந்து வைக்கலாம். கசிவு கண்டால் மட்டும் பொறியாளரை அழைத்தாக வேண்டும்.

நஷ்டஈடு போதுமா?

தன் நிலத்தில் தேக்கிய நீர் பிறருக்குச் சேதம் விளைவித்தால் தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனிக்குச் சேதம் ஏற்பட்ட வழக்கில், 1874இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது. அந்த ஏரிகள் தொன்மையானவை, மக்களின் பிழைப்புக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அதில் அவர் அலட்சியம் காட்டவில்லை என்பது காரணம். சொந்த லாபத்துக்காக நீர் தேக்குகிறவர் அந்தச் சலுகையைக் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அது எப்படியாயினும், கோர்ட் தருவது பணம்தான். போன உயிரை அது மீட்டுத் தராது.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அபாயப் பகுதிகளைக் கண்டறிந்து தடுப்பு நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமே அளித்திருக்கிறது. ஒவ்வொரு தாலுகாவிலும் தனியார் மண் அணைகளுக்குப் பதிவேடு வேண்டும். கீழே எத்தனை குடும்பங்கள் வசிக்கின்றன என்பதும் அதில் இடம்பெற வேண்டும். மழைக்கு முன் பொறியாளர் ஒருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். கசிவைக் கண்டு சொல்லும் தொழிலாளியின் வேலைக்கு ஆபத்து வராதபடி பாதுகாப்பும் வேண்டும். கலங்கிய நீரை முதலில் காண்பவர் அவர்தான்.

அணையின் நீர் உடைமையாளருக்கு, அதன் அபாயம் மட்டும் ஏழைக்கு என்ற நிலை இனியும் நீடிக்கலாகாது.