பெட்டி மேல் ‘5 நாள்’ என்று எழுதுங்கள்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், சுந்தரபாண்டியபுரத்தில் காற்று ஆளையே தள்ளும். என் மருந்துக்கடையில் அப்போது அதிகம் கேட்கும் குரல் இதுதான்: “அண்ணாச்சி, அந்த மூக்குச் சொட்டு ஒண்ணு குடுங்க.” பலர் சட்டைப்பையில் காலிக் குப்பியோடுதான் வருகிறார்கள்.

சூரியகாந்தி பூத்ததால்தான் மூக்கடைப்பு என்று வயல் மேல் பழி போடுவார்கள். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டக்கூடியது. தேனீ சுமந்தால்தான் நகரும். செடிக்குள் நின்று வேலை செய்பவருக்கு ஒவ்வாமை வரலாம். மற்றவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது வீட்டுத் தூசியையும், பாய் தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியையும்தான்.

மூக்கின் பக்கச்சுவர்ச் சதையில் ரத்தக்குழாய்கள் நிறைய. அவை விரிந்தால் சதை வீங்கி, வழி அடைபடும். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டுகள் குழாய்களைச் சுருக்குவதால் சில நிமிடங்களில் மூச்சு வரும். அந்தச் சுகம்தான் ஆபத்து. நாள்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால், மருந்து இறங்கியதும் சதை முன்னைவிட வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். தலையணைக்கடியில் குப்பி இல்லாமல் தூங்க முடியாதவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இந்தப் பழக்கத்திலிருந்து மீள வழி உண்டு. டாக்டர்கள் முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்தச் சொல்வார்கள். கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே. அதன் முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், காதை நோக்கி இருக்க வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே “கேக்கல” என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய சொட்டுக்கே வருகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. உப்புநீரால் கழுவுவதும் நல்லது. ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். செங்கோட்டை தாண்டினால் கேரளம். தண்ணீரிலிருந்து மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா அங்கே உயிர்களைப் பறித்திருக்கிறது.

மருந்துக்கு அடங்காத வீக்கத்துக்குத்தான் அறுவை சிகிச்சை. அதிலும் சதையை முழுதாக வெட்டாமல் குறைப்பதே முறை. பிறகு சில வாரம் பொருக்குத் தட்டும், அடைப்பும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

இவ்வளவு தூரம் போகாமல் தடுக்க, ஐந்து நாளுக்கு மேல் சொட்டு விடக்கூடாது என்ற எச்சரிக்கையைப் பெட்டியிலேயே தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். பொடி ஆங்கிலத்தை யார் படிக்கிறார்கள்? அதுவரை பில் போடும்போதே பேனாவால் ‘5 நாள்’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன். சுரண்டை, தென்காசி, செங்கோட்டைக் கடைக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும். ஆறாம் நாள் அதே ஆள் வந்து நின்றால், குப்பியை எடுக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.