மேக்கப்புக்கு மட்டும் ஆஸ்கர்

அரியலூரில் சிமென்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா. பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போடும் மாப்பிள்ளை. இந்த இரண்டு ஊரும் 2001-ல் தனித்தனி மாவட்டமாகி, 2002-ல் ஒன்றாகி, 2007-ல் மறுபடி பிரிந்தவை. மாமாவும் மாப்பிள்ளையும்கூட அப்படித்தான். போன வாரம் அவர்களைப் பிரித்தது 'மிஸஸ் டவுட்ஃபயர்'. சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை செல்போனில் போட்டுக் காட்டியதுதான் வினை.

"இது நம்ம 'அவ்வை சண்முகி'ல்ல மாப்ள?"

"அசலே இதுதான் மாமா. இது 1993. நம்மது 1996 தீபாவளிக்கு வந்துச்சு. ராபின் வில்லியம்ஸ் ஒரே ஆளு, படத்தையே தூக்கிட்டுப் போறாரு பாருங்க!"

"ஒரே ஆளு ஆடுனா அது மோனோ ஆக்டிங். ஜெமினி, மணிவண்ணன், நாசர், நாகேஷ்னு வீடு நிறைய ஆளுங்க இருந்தாத்தான்யா சிரிப்பு."

மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. கே.எஸ்.ரவிகுமார் படத்தில் பொய் சொல்வது கமல் மட்டுமல்ல. ஊமையாக நடிக்கும் சமையல்காரர் நாசரும் வேஷம்தான். மாமியைக் கட்டிக்கொள்ள இரண்டு பெரிசுகள் வரிசையில் நிற்கிறார்கள். கிரேஸி மோகன் வசனம் வேறு. ஒரு பதில் அரை நொடி தாமதித்தாலும் ஜோக் செத்துவிடும். அங்கே நடிகரைவிட ஏற்பாடுதான் பெரிது.

அதற்காக மாப்பிள்ளை தோற்றுவிடவில்லை. ராபின் வில்லியம்ஸ் ஒவ்வொரு டேக்கிலும் வேறு எதையாவது பேசுவார் என்பதால், இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓட விட்டார். குறுக்கே போகாமல் இருப்பதும் இயக்கம்தானே! பஸ்டர் கீட்டன் 1928-லேயே 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டுச் சுவர் தன் மேல் சரிய, ஜன்னல் ஓட்டைக்கு நேராக முகம் மாறாமல் நின்றார். கேமரா தள்ளி நின்று அதை முழுசாகக் காட்டியது. நடிப்பு எங்கே முடிகிறது, இயக்கம் எங்கே தொடங்குகிறது என்று அதில் கோடு கிழிக்க முடியாது.

முடிவிலும் இருவருக்கும் சண்டை. ஹாலிவுட் தம்பதி கடைசிவரை சேர்வதில்லை. நம் ஊரில் மீனா சேர்ந்துவிடுகிறார். "பிரிச்சு வச்சுட்டு என்னய்யா காமெடி?" என்றார் மாமா. பேரன் பேத்தி எடுத்தவர் வேறெப்படிப் பேசுவார்?

இருவரும் தொடாத ஒன்று உண்டு. 'மிஸஸ் டவுட்ஃபயர்' வாங்கிய ஒரே ஆஸ்கர், மேக்கப்புக்கு. ராபின் வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் வந்தது 'குட் வில் ஹன்டிங்' (1997) படத்தில் மனைவியை இழந்த மனநல ஆலோசகராக நடித்ததற்கு. இங்கே, தருமியாக வந்து மூன்று தலைமுறையைச் சிரிக்க வைத்த நாகேஷுக்கும் தேசிய விருது எதற்கு? 'நம்மவர்' (1994) படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக அழுததற்கு. இரண்டுமே துணை நடிகர் விருதுகள்.

அதற்கு இரண்டே வருஷம் கழித்து, சண்முகி மாமிக்கு வேஷம் கட்டிவிடும் மேக்கப்மேன் ஜோசப்பாக வந்ததும் அதே நாகேஷ்தான்.