நிலம் பாலையாவது எங்ஙனம்?

பாலைவனம் என்றவுடன், காற்றால் உந்தப்பட்டு ஊர்களை விழுங்கிக்கொண்டு வரும் மணல்மேடே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வளமான நிலம் பெரும்பாலும் அவ்வாறு அழிவதில்லை. விளைநிலத்தின் உள்ளேயே, உடலில் தோன்றும் புண்களைப்போல, ஆங்காங்கே சிறு திட்டுகளாகப் பாலை தோன்றிப் பரவுகிறது.

ஆப்பிரிக்காவில் சகாராவின் தென்விளிம்பிலுள்ள சாகெல் பகுதியை நோக்குவோம். அங்குள்ள உழவர்கள் கம்பும் சோளமும் விளைவிப்பவர்கள். சில ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு இளைப்பாறச் செய்வது அவர்கள் முன்னோர் வழக்கம். குடும்பங்கள் பெருகவே, நிலத்தின் ஓய்வு குறைந்தது. விறகுக்காக மரங்கள் விழுந்தன. நிழலும் சருகும் இழந்த மேல்மண்ணைக் காற்றும் மழையும் கொண்டு சென்றன. எஞ்சிய மண் ஓடுபோல் இறுகியது. பெய்த மழையும் உள்ளிறங்காது வழிந்தோடிற்று.

மேய்ச்சல் நிலங்களில் நன்மை கருதி ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. நீரை நாடி மந்தைகள் குவியவே, சுற்றிலும் புல் அழிந்தது. 1968 முதல் 1973 வரை நீடித்த கொடும் வறட்சியில், எண்ணற்ற மாடுகள் நீருள்ள கிணற்றருகிலேயே தீவனமின்றி மாண்டன.

விறகு வெட்டிய தாயும், பிள்ளைகளின் பசிக்காக மீண்டும் உழுத தந்தையும் தீயோர் அல்லர். அன்றன்றைய தேவையைத்தான் அவர்கள் நிறைவேற்றினர். இங்ஙனம் அறியாமலே நேர்வதுதான் இவ்வழிவின் கொடுமை.

1980 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், இன்று புர்க்கினா பாசோ எனப்படும் நாட்டின் தலைநகர் வாகடூகுவில் நின்று, சாகெல் மக்களுக்கு உதவுமாறு உலகை வேண்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், அந்நாட்டின் வடபகுதியில் யாக்கூபா சவடோகோ என்னும் உழவர் மண்வெட்டியைக் கையிலெடுத்தார். முன்னோர் கையாண்ட முறையைச் செம்மைப்படுத்தி, கோடையிலேயே இறுகிய நிலத்தில் குழிகள் தோண்டி எருவிட்டார். எருவை நாடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்தன. அத்துளைகளின் வழியே மழைநீர் இறங்கிற்று. தானியம் விளைந்தது. உடன் முளைத்த மரக்கன்றுகளையும் அவர் காத்து வளர்த்தார். பித்தர் என நகைத்தவர்களே பின்னர் கற்றுக்கொள்ள வந்தனர். 2023இல் மறைந்தபோது, தரிசாய்க் கிடந்த இடத்தில் ஒரு காட்டையே அவர் விட்டுச் சென்றார்.

நிலத்திடம் பெறுவதை நாம் நன்றாகவே கணக்கிடுகிறோம். ஓய்வும் சருகும் எருவுமாக அதற்குத் திருப்பித் தருவதைத்தான் மறந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் நிலத்தின் பரப்பைப் பத்திரத்தில் எழுதி வைக்கிறோம். அதன் மேல்மண் எத்தனை விரற்கடை என்பதை எவரும் எழுதுவதில்லை. அதையும் ஒருமுறை அளந்து பார்ப்போமாக.