நர்ஸம்மா போலீஸ் இல்லீங்க!

புதுச்சேரியில அரசாங்கம்னு ஒண்ணு வீட்டுப் படியேறி வருதுன்னா அது பெரும்பாலும் சுகாதார நிலையத்து நர்ஸ் உருவத்துலதான். சொட்டு மருந்து, கர்ப்பிணி கணக்கு, டெங்கு, சுகர், பிரஷர்... எல்லாம் அவங்க தலையில. போதாக்குறைக்குத் தெருக்காரங்க புகார் வேற. "சிஸ்டர், அந்த வீட்டுப் பையன் ராத்திரி பூரா கத்துறான். எங்கயாவது கொண்டுபோய் விடச் சொல்லுங்க."

இந்தப் புகார்ல தொல்லை இருக்கு, நோயாளி இல்லை. "குணமாக்குங்க"ன்னு கேக்கலை, "அப்புறப்படுத்துங்க"ன்னு கேக்கறாங்க. தெருக்காரங்க கெட்டவங்கன்னு அர்த்தமில்லை. தூக்கம் போறதும் நிஜம், பயமும் நிஜம். ஆனா அந்த "எங்கயாவது" எங்க இருக்கு?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை அங்க ஒரு மனநல காப்பகத்துல தீப்பிடிச்சது. சங்கிலியில கட்டியிருந்ததால தப்பி ஓட முடியாம கருகினவங்களையும் சேர்த்து 28 பேர் செத்தாங்க. வீட்டுலயும் தெருவுலயும் வேண்டாம்னு சொன்னா, ஆளைக் கடைசியில எங்க கொண்டுபோய் விடுவாங்கங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

2017 மனநல பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை பண்ணுது (பிரிவு 95). ஊருக்குள்ள, மத்தவங்களோட சேர்ந்து வாழறது நோயாளியோட உரிமைங்குது (பிரிவு 19). நிஜமாவே ஆபத்துன்னா பாதுகாப்புல எடுக்கவேண்டியது போலீஸ் வேலை. அவங்களும் லாக்கப்புல வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும் (பிரிவு 100). ஆக, ஆளைத் தெருவை விட்டுத் தூக்கற வேலை நர்ஸுக்கு எந்தப் பிரிவுலயும் இல்லை.

ஜப்பான்ல 1964ல அமெரிக்கத் தூதர் ரைஷவரை மனநோய் இருந்த ஒரு இளைஞர் கத்தியால குத்தினார். நாடே பதறிச்சு. மறுவருஷமே சட்டத்தைத் திருத்தி, சுகாதார மையங்களை மனநலப் பணியோட முன்வரிசையில நிறுத்தினாங்க. வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்க்கிற நர்ஸ்ங்கறது நல்ல ஏற்பாடு. ஆனா அதே திருத்தம் போலீஸ் தகவல் சொல்றதையும் கூட்டிச்சு. பயத்துல பொறந்த சட்டத்துல நர்ஸ் வைத்தியம் பார்க்க வந்தவங்களா, காவலுக்கு வந்தவங்களாங்கற குழப்பம் கூடவே வரும்.

காவல்காரியா வந்தா ஒரு தாயும் கதவு திறக்க மாட்டாங்க. நர்ஸா வந்தா கேள்வியே வேற. பையன் எத்தனை நாளா தூங்கலை? மாத்திரை எப்ப நின்னுது? காசில்லாமலா, மயக்கமா இருக்குன்னா? அம்மா சாப்பிட்டாங்களா? நின்ன மாத்திரை மறுபடி ஆரம்பிச்சா பல வீடுகள்ல கத்தலும் அடங்கும். புகார் சொன்னவங்களுக்கும் அதுதானே தேவை?

நகர்ப்புற சுகாதாரத் திட்டத்துல 10,000 பேருக்கு ஒரு ஏ.என்.எம்.னு கணக்கு. அவங்களுக்கு மனநலப் பயிற்சியும், கூட வர ஒரு டாக்டரும், ஜிப்மர் மனநலப் பிரிவு மாதிரி இடத்துக்கு நேர்வழியும் குடுக்காம "போய் சமாளிங்க"ன்னு அனுப்பறது நிர்வாகம் இல்லை, கைகழுவல்.

புகாரை வாங்கட்டும், தப்பில்லை. ஆனா நோட்டுல முதல் வரியா எழுதவேண்டியது புகார் சொன்னவர் பேரை இல்லை, நோயாளி பேரை.

பி.கு: 14416. டெலிமானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண். பக்கத்து வீட்டுக்காரங்களும் கூப்பிடலாம் :-)