தொலைத்தொடர்பும் தோட்டப்புறமும்: புசல்லாவை எழுப்பும் வினா

பேராதனையில் தொடங்கும் ஏ5 நெடுஞ்சாலை கம்பளையைக் கடந்து, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறுகின்றது. அச்சாலையிற் செல்லும் பஸ்ஸொன்றில் அமர்ந்து தம் கைத்தொலைபேசியை நோக்கும் ஒருவர், அதன் அலைக்கோடுகள் பெரும்பாலும் நிறைந்திருக்கக் காண்பார். அதே மனிதர் சாலையை விட்டிறங்கி, தேயிலை மலையினூடே வளைந்து செல்லும் பாதையில் ஒரு மைல் நடந்து, ஓடையருகே அமைந்த லயமொன்றை அடைவாராயின், பல இடங்களில் அக்கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்து மறைவதையும் காண்பார். சாலைக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மைலே இக்கட்டுரையின் பொருள்.

இலங்கையிற் பாவனையிலுள்ள கைத்தொலைபேசி இணைப்புகளின் தொகை நாட்டின் மக்கள்தொகையையும் விஞ்சிவிட்டது. இதனை எடுத்துக்காட்டி, ‘நாடு முழுவதும் இணைக்கப்பட்டுவிட்டது’ என மேடைகளிலும் அறிக்கைகளிலும் முழங்குவோர் பலர். கொழும்பில் ஒருவர் மூன்று இணைப்புகள் வைத்திருக்க, தோட்டத்தில் மூவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டால், சராசரி என்னவோ அழகாகத்தான் இருக்கும். சராசரியால் எவரும் பேச முடியாது. பேசுவதற்கு அலை வேண்டும். அலைக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு நாட்கூலி வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நோக்காத புள்ளிவிபரம் உண்மையை மறைக்கும் திரையேயன்றி வேறன்று.

இத்திரையின் வரலாறு பழையது. 1840களில் டி வேர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையிற் கோப்பித் தோட்டம் திறந்தபோது, அதற்குத் தம் தாய்வழி உறவினரான ரொத்சைல்ட் குடும்பத்தின் பெயரையே சூட்டினர். 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. கம்பி மலைநாட்டுக்கு ஏறியதும் விலைச் செய்தியும் கப்பற் செய்தியும் தோட்டத் துரைமாரை உடனுக்குடன் எட்டின. அந்தத் தோட்டங்களைத் தம் குருதியாற் செழிப்பித்த தொழிலாளிக்கோ கம்பியும் இல்லை, முகவரியும் இல்லை. அவனுக்கு வந்த கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் காரியாலயத்திற் பிரிக்கப்பட்டு, பிறர் கைமாறியே லயத்தை அடைந்தது. செய்தி என்பது மேலிருந்து அனுமதிக்கப்படும் சலுகை என்ற நியதி அன்றே வேரூன்றியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அவ்வடு முற்றாக நீங்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்தது, ஆயின் முகவரி இன்றும் பலருக்குக் கிடைத்தபாடில்லை.

இந்த இடைவெளியிற் கைத்தொலைபேசி ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1989இல் செல்டெல் நிறுவனம் தொடங்கிய சேவை தெற்காசியாவின் முதற் கைத்தொலைபேசிச் சேவையாகும். 1991இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 1995இல் டயலொக் ஜி.எஸ்.எம். முறையைக் கொணர்ந்தது, 1997இல் ஸ்ரீ லங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கு ஜப்பானிய என்.ரி.ரி. நிறுவனத்திடம் சென்றது. போட்டி வந்தது, விலை வீழ்ந்தது. காணி உறுதியும் கம்பித் தொடர்பும் இல்லாத லயத்துத் தொழிலாளி, வாழ்க்கையில் முதன்முறையாக எவருடைய அனுமதியுமின்றித் தன் பெயரில் ஓர் எண்ணைப் பெற்றான். முகவரியற்றவனுக்கு அந்த எண்ணே முகவரியாயிற்று.

மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாயை எண்ணிப் பார்க்கவேண்டும். முன்னர் அவளது குரல் ஒலிநாடாவிற் பதிந்து வந்தது. பின்னர் நகரத்தின் ‘கொமியுனிகேசன்’ கடையில் நிமிடக் கணக்கிற் பணம் கொடுத்துக் கேட்கப்பட்டது. இன்று வாட்ஸ்அப்பிலும் ஐ.எம்.ஓ.விலும் அவள் முகமும் தெரிகின்றது. சவூதி அரேபியா இணையவழிக் குரலழைப்பின் மீதிருந்த தடையை 2017இல் நீக்கியபோது, அதன் பயன் இம்மலைகளையும் எட்டியது. பாலைவன நாட்டின் சட்டத் தடையே நீங்கியபின், பெற்ற பிள்ளையின் முகம் காண்பதற்குத் தடையாக எஞ்சி நிற்பது யாது? சொந்த நாட்டின் மலையொன்றின் நிழலே!

இந்நிழல் இயற்கையின் குற்றமெனச் சிலர் கூறுவர். வானொலி அலை நேர்கோட்டிற் செல்வது. குன்று குறுக்கிட்டால் அதன் பின்புறம் வலுவிழக்கும் என்பது பௌதிகம். ஆயின் குன்றின் பின்புறத்தில் யார் குடியமர்த்தப்பட்டனர் என்பது பௌதிகம் அன்று, வரலாறு. தோட்டத்தை மேற்பார்வை செய்யத்தக்க மேட்டில் துரையின் பங்களாவும், தண்ணீருக்கும் தொழிலுக்கும் வசதியாகப் பள்ளங்களில் லயங்களும் கட்டப்பட்டன. கோபுரம் எழுப்பும் நிறுவனமோ நெடுஞ்சாலையையும் கடைத்தெருவையும் கணக்கிட்டே இடம் தெரிகின்றது. ஆகவே வெள்ளைக்காரன் வகுத்த மேடு பள்ளத்தையே இருபத்தோராம் நூற்றாண்டின் அலையும் பின்பற்றுகின்றது.

அலை கிடைக்கும் இடத்திலும் விலை குறுக்கே நிற்கின்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நெடுநாட் போராட்டத்தின் பின்னர் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. மாதக் கட்டணத்தை ஒருசேரச் செலுத்தக்கூடியவருக்குத் தரவு மலிவு. அன்றாடம் சிறு தொகையில் வாங்குபவருக்கு அதே தரவு விலையுயர்வு. வாங்கியதும் குறித்த நாளில் காலாவதியாகிவிடும். அரிசி வாங்கினால் ஏழாம் நாளில் கடைக்காரன் வந்து மிச்சத்தை அள்ளிச் செல்வதுண்டோ? பல பொதிகளில் ஒரு பெரும் பங்கு நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுத்தத்தக்கது. விடியலில் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டிய தாய்க்கும் பாடசாலை செல்லவேண்டிய பிள்ளைக்கும் நள்ளிரவுத் தரவால் ஆவதென்ன? 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கைக்கு வந்ததைப் பலர் தீர்வென்று கொண்டாடினர். அப்போது அதன் கருவிக்கு இலட்சம் ரூபாவுக்கு மேல் வேண்டியிருந்தது. அன்றைய 1350 ரூபா நாட்சம்பளத்தில் அது எழுபதுக்கும் மேற்பட்ட நாட்களின் உழைப்பாக இருந்தது. வானத்திலிருந்து இறங்கும் அலையும் பங்களாவிலேயே முதலில் இறங்குகின்றது.

2020 மார்ச்சில் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை வெட்டவெளிச்சமாயிற்று. 2021இல் பதுளைப் பகுதியிற் பிள்ளைகள் காட்டு வழியே குன்றுச்சிக்கு ஏறி, பாறைமீதமர்ந்து பாடம் கேட்ட படங்களை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. பலர் அதனைப் பிள்ளைகளின் ஊக்கத்துக்குச் சான்றெனப் பாராட்டினர். அது ஊக்கத்துக்குச் சான்றாயின், அரசின் அலட்சியத்துக்கும் அதுவே சான்றன்றோ? அக்காலத்திற் பல்கலைக்கழக மாணவர், லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியாகக் கட்டணமின்றி விரிவுரைகளிற் கலந்துகொள்ள வழி செய்யப்பட்டது. நிறுவனங்களும் ஆணைக்குழுவும் மனங்கொண்டால் எதுவும் இயலும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் லயத்துச் சிறுவனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தாள் தந்தையின் ‘ரீலோட்’ தீரும்வரையே திறந்தது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு இணையத்தில். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணையத்தில். கதவே இணையத்திற் பொருத்தப்பட்டபின், இணையம் ஆடம்பரம் எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

மொழியிலும் ஓர் அநீதி மறைந்து கிடக்கின்றது. ஆங்கில எழுத்திற் குறுஞ்செய்தி ஒன்று 160 குறியீடுகளைக் கொள்ளும். தமிழில் எழுதினாலோ யுனிகோட் முறையில் 70 மட்டுமே. ‘தோட்டம்’ என்னும் நான்கெழுத்துச் சொல் ஏழு குறியீட்டிடங்களை விழுங்குகின்றது. அரசியல் யாப்பின் 13ஆம் திருத்தத்தால் 1987இல் ஆட்சிமொழியாகிய தமிழ், குறுஞ்செய்திக் கட்டணத்தில் இருமடங்குக்கு மேல் விலை கொடுக்கின்றது. தமிழனே தன் மொழியை ஆங்கில எழுத்திற் சிதைத்தெழுதுகின்றான் என வருந்தும் அறிஞர், அச்சிதைவுக்குப் பின்னாலுள்ள கட்டணச் சீட்டையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

‘வீடில்லை, சரியான கூலியில்லை; இந்நிலையில் தொலைபேசி எதற்கு?’ என வினவுவோர் உளர். இவர்களின் கரிசனை மெய்யே. ஆயின் முடிவு பிழை. கூலியையும் காணியையும் கேட்பதற்கே ஒன்றுகூடவேண்டும். ஒன்றுகூடச் செய்தி வேண்டும். ‘கைத்தொலைபேசி இளைஞரைக் கெடுக்கின்றது’ என்பார் இன்னொரு சாரார். கொழும்பு மாணவன் கெடாமற் கற்கும் கருவி புசல்லாவை மாணவனை மட்டும் கெடுக்கும் என்பது, தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கென்று அன்று கேட்ட துரைமாரின் குரலே. ‘சந்தையே யாவற்றையும் தீர்க்கும்’ என்போருக்கு விடை எளிது: 1995 முதல் முப்பது ஆண்டுகள் சந்தைக்கு வழங்கப்பட்டன, அது சாலைவரை வந்து நின்றுவிட்டது.

உயிரும் இதிற் பணயமாகியுள்ளது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து முன்னரே அறியப்பட்டிருந்தும் அறிந்த செய்தி மக்களை இடம்பெயர்க்கும் வலிமை பெறவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைச் சிதைத்தபோது, மலையகத்தின் பல பகுதிகள் மின்சாரமும் தொலைபேசியும் இழந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. யார் உயிரோடிருக்கின்றார் என்பதைக்கூட உறவினர் அறியவியலாத அந்நாட்களில், தொலைத்தொடர்பு பொழுதுபோக்கா, உயிர்நாடியா என்ற விவாதம் முடிவுற்றிருக்கவேண்டும்.

ஆகவே வேண்டப்படுவன சலுகைகள் அல்ல, உரிமைகளே. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் மீது தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் 2003 முதல் அறவிடப்பட்டது. சேவை எட்டாத பகுதிகளுக்கு அதனைக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். வளைகுடாவிலிருந்து பேசிய தாயின் ஒவ்வொரு நிமிடமும் அந்நிதியை வளர்த்தது. அவளது லயத்துக்கு அது திரும்பி வந்ததா என்பதை ஆணைக்குழு தோட்டம் தோட்டமாகக் கணக்குக் காட்டவேண்டும். மாவட்டச் சராசரி போதாது. காலாவதியாகாத சிறு தரவுப் பொதி வேண்டும். மாணவர் கல்வித் தளங்கள் கட்டணமின்றித் திறக்கவேண்டும். தமிழ்க் குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்துக்கொத்த கட்டணம் வேண்டும். மண்சரிவு அபாயப் பிரதேசங்களின் கோபுரங்களுக்குப் போதிய மாற்று மின்வசதி வேண்டும். ஒவ்வொரு லயக் குடும்பத்துக்கும் அதன் பெயரிலேயே முகவரி வேண்டும்.

புசல்லாவை மலைகளிலிருந்து இறங்கி இப்பல்கலைக்கழகத்தை அடைந்த மாணவர், ஏ5 சாலையின் தொடக்கத்தில் நின்று அதன் மேற்பகுதியை மறந்துவிடல் தகாது. சாலையின் இருமுனைக்குமிடையே நிற்கும் கோபுரங்களைக் காட்டி நாடு முன்னேறிவிட்டதெனக் கூறுவோரிடம், அவர்கள் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இக்கோபுரம் யாருக்குக் கேட்கும்படி பேசுகின்றது? அதற்கு விடை கிடைக்கும்வரை, அந்த ஒரு மைல் நடந்துதான் ஆகவேண்டும்.